படுகளத்து மண்ணும் அஸ்தினாபுரத்து மண்ணும்

தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து முடிகிற நாள், விடிந்ததும் ஊரே தரிசு நிலத்தில் அமைத்த படுகளத்துக்குப் போய்விடும். அங்கே துரியோதனன் மல்லாந்து கிடப்பான். களிமண்ணைக் குழைத்து, ஓர் ஆளைவிடப் பல மடங்கு பெரிதாக, மீசையும் கிரீடமும் வைத்து, வண்ணம் பூசிப் படுக்க வைத்திருப்பார்கள். இரவெல்லாம் கூத்தாடிய வேஷக்காரர்கள் அரிதாரம் வழிய வழிய வந்து சேருவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்திருந்த சிவப்பு நீர் வெளியே வரும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். முடித்த அடுத்த நொடி கூட்டம் அந்த மண் உடம்பின் மேல் விழும். ஆளுக்கு ஒரு பிடி மண். வீட்டுக்குக் கொண்டுபோய் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

போன முறை அந்தக் கூட்டத்தில் என் அண்ணன் மகன் பக்கத்தில் நின்றான். இன்ஜினியரிங் படிக்கிற பையன். கையில் மண்ணோடு கேட்டான்: "சித்தப்பா, இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?" நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆயா முந்திக்கொண்டது: "நடக்காமயாடா இத்தனை வருஷமா கூத்து வுடறோம்?"

ஆயாவின் பதிலைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசுகிற விஷயத்தின் ஒரு முனை அதில் இருக்கிறது. இதிகாசம் என்ற சொல்லுக்கே 'இப்படித்தான் இருந்தது' என்று பொருள், ஆகவே எல்லாம் வரலாறு என்று ஒரு தரப்பு சொல்லும். எல்லாம் கட்டுக்கதை, பேசவே வேண்டாம் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டு பேருமே மகாபாரதம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தராசில் வைக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்து, இந்தப் பொருளுக்கு எந்தச் சாட்சி, அந்தப் பொருளுக்கு எந்தச் சாட்சி என்று தனித்தனியாகக் கேட்டால் அண்ணன் மகனுக்கு ஓரளவு நேர்மையான பதில் சொல்ல முடியும். அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

முதலில் வேறொரு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் மீரட் பக்கத்தில் அஸ்தினாபுரம் என்ற பெயரிலேயே ஒரு மேடு இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பி.பி. லால் 1950 முதல் 1952 வரை அங்கே தோண்டினார். ஒன்றன் மேல் ஒன்றாகக் குடியிருப்பு அடுக்குகள் வந்தன. அவற்றில் ஓர் அடுக்கில் சாம்பல் நிறப் பானை ஓடுகள், மேலே கறுப்புக் கோடுகள். தொல்லியலாளர்கள் இதை வண்ணம் தீட்டிய சாம்பல் நிற மட்கலம் என்பார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 1100 முதல் 800 வரை என்று லால் கணித்தார். இதே வகை ஓடுகள் மதுரா, குருக்ஷேத்திரம், பானிபட், அகிச்சத்திரம் என்று பாரதக் கதையில் பெயர் வரும் பல ஊர்களிலும் கிடைத்தன. அந்த அடுக்கின் முடிவில் வெள்ளம் அரித்த தடயம் இருந்தது. கங்கை கரையை உடைத்துக்கொண்டு வந்து குடியிருப்பின் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதன் பிறகு கொஞ்ச காலம் அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

லாலைச் சிலிர்க்க வைத்தது இந்த வெள்ளம்தான். அர்ச்சுனன் பேரன் பரீட்சித்துக்குச் சில தலைமுறை கழித்து நிசக்ஷு என்ற அரசன் காலத்தில் கங்கை அஸ்தினாபுரத்தை அடித்துக்கொண்டு போக, தலைநகரைக் கௌசாம்பிக்கு மாற்றினான் என்று புராணங்கள் சொல்கின்றன. புராணத்தில் வெள்ளம், மண்ணிலும் வெள்ளம். இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பாரதப் போர் என்று ஒன்று நடந்திருந்தால் கி.மு. 900-ஐ ஒட்டி நடந்திருக்கலாம் என்றார்.

சரி, முடிந்ததா விஷயம்? முடியவில்லை. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. அந்த அடுக்கில் கிடைத்தவை மண் சுவர், செங்கல்லும் இல்லாத தட்டிச் சுவர், எலும்பு, கொஞ்சம் செம்பு. பதினெட்டு அக்குரோணி சேனை எங்கே, மாயசபை எங்கே? கங்கைக் கரையில் வெள்ளம் வருவது அதிசயமா? ஒரே வகை ஓடு பல ஊர்களில் கிடைத்தால் அந்த ஊர்களில் ஒரே காலத்தில் மக்கள் இருந்தார்கள், ஒரே மாதிரிப் பானை புழங்கினார்கள் என்றுதான் சொல்லலாம். அவர்களில் ஒருவன் பெயர் அர்ச்சுனன் என்று ஓடு சொல்லாது. 1970களின் நடுவில் கல்வெட்டறிஞர் டி.சி. சர்க்கார், போரே ஒரு கற்பனை என்று வெளிப்படையாகச் சொல்ல, செய்தித்தாள்களில் பெரிய சண்டையே நடந்தது.

வெள்ள மண்ணைப் பார்த்ததும் புனித நூல் நினைவுக்கு வருவது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1929-ல் இராக்கில் ஊர் என்ற பழைய நகரத்தில் லியோனார்டு வூலி தோண்டியபோது, 8 அடிக்கும் மேல் ஆழத்துக்குச் சுத்தமான வண்டல் வந்தது. மேலேயும் கீழேயும் மனிதர் வாழ்ந்த தடம், நடுவில் வெறும் வண்டல். பைபிளில் வரும் நோவாவின் பிரளயம் கிடைத்துவிட்டது என்று உலகமே பேசியது. ஆனால் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள எரிது நகரில் அந்த வண்டல் இல்லை. மற்ற நகரங்களில் கிடைத்த வெள்ள அடுக்குகளோ வேறு வேறு காலத்தவை. யூப்ரடிஸ் ஆறு பல முறை கரை உடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும், ஆறு அடிக்கடி ஊரை விழுங்குகிற நாட்டில்தான் உலகமே மூழ்கிய கதை பிறக்கும் என்பதும் உண்மை. வூலியின் மண் நோவாவைக் காட்டவில்லை, நோவா கதை எப்படிப்பட்ட நிலத்தில் முளைத்தது என்று காட்டியது. லாலின் மண்ணுக்கும் அதே அளவு மதிப்பு தரலாம் என்பது என் எண்ணம்.

வருஷக் கணக்கில் வரும் குழப்பம் இதைவிடப் பெரிது. கர்நாடகத்தில் ஐகொளேயில் இரண்டாம் புலிகேசியின் கல்வெட்டு ஒன்று, பாரதப் போர் முடிந்து 3,735 ஆண்டுகள் ஆகின்றன, சக ஆண்டு 556 நடக்கிறது என்கிறது. அதாவது அது வெட்டப்பட்டது கி.பி. 634-35-ல், அதன் கணக்குப்படி போர் கி.மு. 3102-ல். கலியுகம் பிறந்ததாகப் பஞ்சாங்கம் சொல்லும் அதே ஆண்டு. கல்லிலேயே எழுதியிருக்கிறதே என்று பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஆரியபட்டர் கி.பி. 499-ல், கலி பிறந்து 3,600 ஆண்டு ஆயிற்று என்று எழுதினார். புலிகேசியின் கல்வெட்டுக்கு இது 135 வருஷம் முந்தையது. கிரகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்த நாளை வானியலார் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பிடித்த ஆண்டு இது, போரை நேரில் பார்த்தவர்கள் கைமாற்றித் தந்த நினைவு என்று கொள்ள முடியாது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அந்தக் காலத்திலேயே எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. வானியலார் வராகமிகிரர் எடுத்துச் சொல்லும் பழைய கர்க்கர் மரபின்படி தருமர் காலம், சக ஆண்டுக் கணக்கு தொடங்கிய கி.பி. 78-க்கு 2,526 வருஷம் முன்னால், அதாவது கி.மு. 2449. காஷ்மீர வரலாறு எழுதிய கல்ஹணர் இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டார். புராணங்களோ பரீட்சித்து பிறந்ததிலிருந்து மகத மன்னன் மகாபத்ம நந்தன் பட்டமேறியது வரை 1,050 வருஷம் என்கின்றன. சில சுவடிகளில் 1,015, சிலவற்றில் 1,500. 1,050 என்று வைத்தால் போர் கி.மு. 1400-ஐ ஒட்டி வரும். மரபுக்குள்ளேயே மூன்று கணக்கு இருக்கும்போது, மரபு சொல்கிறது என்று ஒரே ஆண்டைக் கையில் பிடித்துக்கொள்வது எப்படி?

அப்புறம் கணினி வந்தது. வானத்தைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டும் மென்பொருளில், பாரதத்தில் வரும் கிரக நிலைகளைப் பொருத்திப் பார்த்து ஒருவர் கி.மு. 3067 என்றார், இன்னொருவர் கி.மு. 5561 என்றார். வானம் பொய் சொல்லாதே, பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? நூல் சொல்வதே ஒன்றாக இல்லை. பீஷ்ம பருவத்தில் ஓரிடத்தில் சனி ரோகிணியை வாட்டுகிறது. அதே பகுதியில் இன்னோரிடத்தில் குருவோடு சேர்ந்து விசாகத்துக்கு அருகில் நிற்கிறது. ரோகிணியும் விசாகமும் வானத்தில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். ஒரே சனி இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. கெட்ட சகுனம் என்று சொல்ல வந்த கவிஞர்கள், கெட்டதாகத் தோன்றிய எல்லாக் கிரக நிலையையும் அடுக்கியிருக்கிறார்கள் என்றே படுகிறது. ஆராய்கிறவர் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதற்கு வேறு பொருள் சொன்னால், எந்த ஆண்டையும் வரவழைத்துவிடலாம்.

எந்தப் பாரதத்தை வைத்து இந்தக் கணக்கெல்லாம் போடுகிறோம் என்று இன்னொரு கேள்வி உண்டு. புனேயில் உள்ள பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-ல் தொடங்கி 1966 வரை, 1,259 சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்துக்கு ஒரு செம்பதிப்பு தயாரித்தது. ஒரு சுலோகம் எல்லா வட்டாரச் சுவடிகளிலும் இருந்தால் மேலே, சிலவற்றில் மட்டும் இருந்தால் அடிக்குறிப்பில். காஷ்மீரச் சுவடிகள் சுருக்கமாகவும், நம் தென்னாட்டுச் சுவடிகள் விரிந்தும் இருந்தன. கிளைக்கதைகளை நீக்கினால் பாரதம் 24,000 சுலோகம் என்று ஆதி பருவமே சொல்கிறது. மரபு சொல்லும் ஒரு லட்சம் பிறகு சேர்ந்து சேர்ந்து வளர்ந்தது.

துகிலுரிதல் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அன்றைக்குத் திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சபைக்குள் விடுவார்கள். துச்சாதனன் வேஷக்காரரும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சேலையைத் தொடுவார். "கோவிந்தா" என்று கதறும் அந்தக் குரலுக்கு அழாத பெண்கள் கிடையாது. புனே செம்பதிப்பில் அந்த வேண்டுதல் மூலத்தில் இல்லை. அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. துணி மேல் துணி வந்துகொண்டே இருந்தது என்பது மட்டும் மேலே நிற்கிறது. இதைக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படின்னா முதல்ல எழுதினவரு சும்மா வுட்டுட்டாரு, அப்புறம் வந்தவருக்குத் தாங்கல" என்றார். பாடபேத ஆராய்ச்சி பற்றி நான் படித்த விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

இந்தக் கதை நம் மண்ணுக்கு எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி இன்னும் உறுதியாக இருக்கிறது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியிருக்கிறது. அதற்கும் முன்னால் புறநானூற்றின் இரண்டாம் பாட்டு, ஐவரோடு சினந்து ஈரைம்பதின்மர் களத்தில் ஒழிந்தபோது பெருஞ்சோறு அளித்தவன் என்று சேரமான் உதியஞ்சேரலாதனைப் பாடுகிறது. இதை வைத்துச் சேரன் குருக்ஷேத்திரத்துக்கே போய் இரண்டு படைக்கும் சோறு போட்டான், ஆகவே சங்ககாலமும் பாரதகாலமும் ஒன்று என்று வாதிடுவோர் உண்டு. போரில் இறந்தவர்களின் நினைவாகக் கொடுத்த சோறு என்றும், முன்னோன் செயலை மன்னன் மேல் ஏற்றிப் பாடினார் புலவர் என்றும் மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் இரண்டாம் பக்கம்தான். ஆனால் ஒன்றை யாரும் மறுக்கவில்லை. பாட்டைக் கேட்ட தமிழர்களுக்கு 'ஐவர்', 'ஈரைம்பதின்மர்' என்றாலே புரிந்திருக்கிறது. கதைச் சுருக்கம் தேவைப்படவில்லை.

ராமாயணத்திலும் இப்படித்தான். அகநானூற்றின் 70-ஆம் பாட்டில், பாண்டியரின் கோடி என்ற கடற்கரையில் ராமன் ஆலமரத்தடியில் அமர்ந்து மறைவாக ஆலோசிக்கும்போது பறவைகளின் ஒலியை அடக்கினான் என்று வருகிறது. வால்மீகியில் இப்படி ஒரு காட்சி இல்லை. வடக்கிலிருந்து வந்த கதைக்கு நம் கடற்கரை அன்றைக்கே தன் பங்குக்கு ஒன்று சேர்த்துவிட்டது.

லங்கை எது என்பதிலும் பெரிய வழக்கு உண்டு. புனே தக்காணக் கல்லூரியின் எச்.டி. சங்காலியா, ராமன் தெற்கே இவ்வளவு தூரம் வரவே இல்லை, லங்கை மத்தியப் பிரதேசம், சோட்டா நாகபுரிப் பக்கத்தில் நீர் சூழ்ந்த ஓர் இடம் என்று வாதிட்டார். கதையில் திரும்பத் திரும்ப வரும் சால மரம் தென்கோடியில் வளராது என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. ஆற்றுக்கு நடுவில் உள்ள திட்டைத் தெலுங்கில் 'லங்க' என்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், கோதாவரிக் கரை ஊர்ப் பெயர்களில் எத்தனை லங்க வருகிறது என்று சொல்வார்கள். எதிர்த்தரப்போ, நூல் வெளிப்படையாகக் கடல் என்கிறது, நூறு யோசனை என்கிறது, அதை ஏரியாகச் சுருக்கினால் ராமாயணத்தில் மிஞ்சுவது என்ன என்று கேட்டது. சேது பற்றிய சண்டையை நான் இங்கே இழுக்கவில்லை. அது நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் போய், ஆராய்ச்சி பின்தங்கிவிட்ட விஷயம்.

நம் தீர்த்தமலைக்கு வருகிறேன். அரூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்துக்கு மேல். படியேறிப் போனால் பாறை இடுக்கிலிருந்து ராமர் தீர்த்தம் கொட்டும், கோடையிலும் கசிவு நிற்பதில்லை என்பார்கள். ராவணனைக் கொன்று திரும்பும் வழியில் ராமன் இங்கே சிவபூசை செய்ய நினைத்தான், காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் நேரத்துக்கு வரவில்லை, ராமன் பாணம் விட்டான், பாறை பிளந்து தண்ணீர் வந்தது. பிந்தி வந்த அனுமன் கோபத்தில் எறிந்த தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆயிற்று. ஆடிப்பெருக்குக்கு அங்கே முழுகிவிட்டுத் தீர்த்தமலை ஏறுகிற குடும்பங்கள் எங்கள் உறவிலேயே பல.

வால்மீகியின் புஷ்பக விமானம் லங்கையிலிருந்து கிளம்பிக் கிஷ்கிந்தையில் இறங்கி, பரத்துவாசர் ஆசிரமம் போய்ச் சேருகிறது. தீர்த்தமலை அதில் கிடையாது. அனுமன் தாமதமாக வருவதும் கோபிப்பதும் ராமேசுவரத்து மணல் லிங்கக் கதையிலும் அப்படியே இருக்கிறது. அங்கே லிங்கம், இங்கே தண்ணீர். ஆக ராமன் இங்கே நின்றான் என்பதற்குத் தீர்த்தமலை சாட்சியாகாது. ஆனால் வேறு பலவற்றுக்குச் சாட்சி. வறண்ட இந்தச் சீமையில் மலை உச்சிப் பாறையில் தண்ணீர் வந்தால் அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ராமேசுவர யாத்திரை போய்வந்தவர்கள் என்ன கதையோடு திரும்பினார்கள்? சிவன் கோவிலுக்குள் ராமனை எப்படி அழைத்துவந்தார்கள்? சோழர் கல்வெட்டும் அருணகிரிநாதர் பாட்டும் உள்ள கோவில் இது. இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் தருமபுரியின் ஆயிரம் வருஷ வரலாறு கிடைக்கும்.

கிருஷ்ணகிரி பக்கம் மல்லசந்திரத்துக்குப் போனால் இதே விஷயத்தைக் கல்லில் பார்க்கலாம். பாறை மேட்டில் நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடிபோல் வைத்த கல்திட்டைகள். ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை, ஒரு பிள்ளை நுழையலாம். வெளியே சுற்றிலும் தலை வளைந்த பலகைக் கற்கள் நிற்கும். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் பாண்டவர் வீடு என்பார்கள். வனவாசத்தில் ஐந்து பேரும் இங்கே தங்கினார்களாம். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று சொல்பவர்களும் உண்டு, அந்தச் சின்னத் துளையில் வேறு யார் போய்வர முடியும்?

தொல்லியல் சொல்வது தெளிவு. இவை இரும்புக்காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்கள். யார் கட்டியது என்பது மறந்துபோன பிறகு, இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கக்கூடியவன் பீமன்தானே என்று பின்னால் வந்த சனங்கள் நினைத்திருக்கிறார்கள். மறதி விட்ட இடத்தைப் பாரதம் நிரப்பியிருக்கிறது. கல் மூத்தது, பெயர் இளையது.

இதே மாவட்டத்தில் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் 2021-ல் தோண்டியபோது இரும்போடு கிடைத்த கரியைச் சோதித்தார்கள். கி.மு. 2172 என்று வந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே இது அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து 2025-ல் வந்த கி.மு. 3345 அதையும் முந்திவிட்டது. பாரதத்தில் இரும்பு அம்பு வருகிறது, இரும்பு அவ்வளவு பழசு கிடையாது, ஆகவே கி.மு. 3102 தப்பு என்று முன்பு ஒரு வாதம் இருந்தது. இப்போது அதைத் திருப்பிப் போட்டு, இரும்பு பழசாகிவிட்டது, ஆகவே 3102 சரி என்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பர்கூர் இரும்பு பர்கூரில் வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. குருக்ஷேத்திரத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று அதைக் கேட்கக்கூடாது. அந்த மனிதர்களின் பெருமையே போதுமானது, அதைப் பாண்டவருக்கு எழுதிவைக்க வேண்டியதில்லை.

பழைய பாட்டு ஒன்றுகூட மெய்யாவதில்லையா என்று கேட்டால், ஆகியிருக்கிறது, அதுவும் தகடூர் என்ற நம் தருமபுரியை ஆண்ட அதியமான் விஷயத்தில். அசோகன் தன் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்று ஓர் அரசையும் சொல்கிறான். இவர்கள் யார் என்பது நூறு வருஷச் சண்டை. மராட்டியம் என்றார்கள், துளுநாடு என்றார்கள். அதியமான்தான் என்று ஊகித்தவர்களும் இருந்தார்கள், ஊகமாகவே. 1981-ல் திருக்கோவிலூருக்கு அருகில் ஜம்பை என்ற ஊரின் குன்றில், பாறைக் குகைக்குள் தமிழ் பிராமியில் ஒரு வரி கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை. ஒரே வரியில் அசோகனின் பிராகிருதப் பட்டமும் ஔவை பாடிய தமிழ்ப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிறகு 1993-ல் இஸ்ரேலின் டெல் டானில் 'தாவீதின் வீடு' என்று எழுதிய கல் கிடைத்து, பைபிள் அரசன் தாவீது வெறும் கதைமாந்தர் என்று சொல்லிவந்தவர்களை யோசிக்க வைத்ததே, அதே வகைக் கல் இது.

தருமபுரி அரசனின் கல்வெட்டு ஏன் அவ்வளவு தள்ளி ஜம்பையில் இருக்கிறது? புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவை, அஞ்சி கோவலூரை அழித்து வென்றான் என்கிறார். கோவலூர்தான் திருக்கோவிலூர். பாட்டு சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே கல் நிற்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இங்கேயும் மூட்டையை அவிழ்த்தே பார்க்க வேண்டும். கல்லெழுத்தின் காலத்தை அறிஞர்கள் வேறு வேறாகக் கணிக்கிறார்கள். அஞ்சி என்ற மன்னன் இருந்தான், சதியபுத்திரன் என்ற பட்டம் அவன் குடிக்கு உரியது, குகை ஒன்றை ஈந்தான். இவ்வளவும் கல்லில் உறுதி. நெல்லிக்கனி? அதற்குச் சாட்சி கல் இல்லை, ஔவையின் சொந்த வாய்மொழி. 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்று வாங்கித் தின்றவரே பாடுகிறார். கனி கொடுத்ததை நான் நம்புகிறேன், சாவு நீங்கியது கவிதை. அவன் முன்னோர் தேவரைப் போற்றிக் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அதே 99-ஆம் பாட்டு சொல்வது இன்னும் ஒரு படி தள்ளி, குடிப்பெருமைக் கதை. அந்த ஔவையும், பல நூறு ஆண்டு கழித்து ஆத்திசூடி பாடிய ஔவையும், முருகனிடம் சுட்ட பழம் வாங்கிய பாட்டியும் ஒரே ஆளாகிவிட்டது நம் கண்முன் நடந்த கலவை. ஒரே பெயரில் வரலாறு, கவிதை, குடிக்கதை, ஊர்க்கதை நான்கும் இருக்கின்றன. வியாசர் பெயரிலும் இப்படி எத்தனை பேர் கலந்திருப்பார்களோ.

அஞ்சி செத்த பிறகு அவனுக்கு நடுகல் நட்டார்கள். ஔவை அதன் முன் நின்று, மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இப்போது பீலி சூட்டிச் சிறுகலத்தில் ஊற்றும் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று அழுதார். மனிதன் சாமியாகும் முதல் நாளை நேரில் பார்த்து எழுதியது அந்தப் பாட்டு. அதன் பிறகு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்துக் காடுமேடெல்லாம் சாட்சி. வேடியப்பன் கோவில் இல்லாத ஊர் குறைவு. உள்ளே இருப்பது பெரும்பாலும் நடுகல். வில்லோ வாளோ பிடித்து ஒரு வீரன், காலடியில் சில சமயம் மாடுகள். பல்லவர் காலத்து வட்டெழுத்தில் இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. கும்பிடுகிறவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது, எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்தே மறைந்திருக்கும். அவர்களுக்கு அவர் வேடியப்ப சாமி, அவ்வளவுதான்.

சில வருஷம் முன்பு கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர்களோடு அப்படி ஒரு கோவிலுக்குப் போயிருந்தேன். பூசாரிப் பெரியவரிடம் அனுமதி கேட்டு, கல்லைக் கழுவி, ஈரக் காகிதம் ஒற்றி, மை தட்டிப் படியெடுத்தோம். காகிதம் காய்வதற்குள் எழுத்து தெரிய ஆரம்பித்தது. ஒருவர் கூட்டிக்கூட்டிப் படித்தார். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளூரப் பயம். இவர் சாமியில்லை, ஒரு சாதாரண ஆள் என்று சொல்லவா வந்தோம் என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?

"ஐயா, இவரு ஊர் மாட்டையெல்லாம் எதிரி ஓட்டிக்கிட்டுப் போனப்ப, திருப்பிக் கொண்டாரப் போய்ச் செத்திருக்காரு" என்று நண்பர் விளக்கினார்.

"ஊர் மாட்டுக்காகவா?"

"ஆமாங்க."

பெரியவர் எழுந்து, கழுவிய கல்லுக்கு மறுபடி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். எழுத்து இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வைத்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "பேரை இன்னொரு தரம் சொல்லு தம்பி" என்றார். நண்பர் சொன்னார். பெரியவர் அதைத் தானும் மெல்ல ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.